ஞாயிற்றுக்கிழமை வரை இருந்த அப்பா

சவரிநாதனின் அப்பா மலாயாவில் புதன்கிழமை இறந்துபோனார். புதுக்கோட்டையில் அவர் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உயிரோடு இருந்தார். இதில் தபால் இலாகா மீது குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. தந்தி வெள்ளிக்கிழமை காலையிலேயே காலேஜ் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டது.

"அப்பா புதன்கிழமை காலமானார். அடக்கம் முடிந்தது. ஆவூருக்குச் சொல்லவும். கடிதம் பின்னால்." இதுதான் விஷயம். எஸ்டேட் ஆபீசில் யாரோ ஆங்கிலத்தில் கொடுத்திருந்தார்கள். வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம் இருப்பதால் வருத்தம் எதுவும் சேர்க்கப்படவில்லை.

சவரிநாதன் கையெழுத்துப் போட்டு வாங்கினான். இரண்டு தரம் படித்தான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனான். அன்றைக்கு அக்பரின் நிலவரித் திட்டம். எட்டுக் குறிப்பு எடுத்துக்கொண்டான். பிறகு எடுத்துப் பார்த்தபோது எட்டும் சரியாகவே இருந்தன.

அவன் பிறந்து வளர்ந்தது ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில். அப்பா மரிய அந்தோணி அங்கே கிராணி. அதாவது காலையில் ஆள் பேர் கூப்பிட்டு எழுதுகிறவர். பதினாறு வயதில், "ஊர்ல போய்ப் படிடா" என்று மகனைக் கப்பலேற்றிவிட்டார். ஆவூர் அப்பாவுக்கு ஊர். மகனுக்கு அது வெளிநாடு. வந்து நாலு வருஷமாகியும், இங்கே தன்னை யாரோ விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுச் சாப்பாடு போட மறந்துவிட்டது போலத்தான் அவனுக்கு இருந்தது.

இந்த நாலு வருஷமாக அப்பா என்பவர் மாதம் ஒரு கடிதம். "நலம். படிப்பைக் கவனி. பூசைக்குத் தவறாதே. மூட்டுவலி தேவலை." இப்போது வந்திருப்பதும் ஒரு தாள்தான். அறையில் கட்டில் இருந்த இடத்தில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருந்தது. எது குறைந்திருக்கிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அழவேண்டும் என்பது தெரியும். சனிக்கிழமை குளியலறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு முயன்று பார்த்தான். முகத்தைச் சுளித்தான். அப்பாவின் கைக்கடிகாரத்தை நினைத்துப் பார்த்தான். கடிகாரம் நன்றாக ஞாபகம் வந்தது, மணி கூடத் தெரிந்தது. வெளியே எவனோ கதவைத் தட்டி, "சீக்கிரம் வாடா, தண்ணி நின்னுரும்" என்றான். வந்துவிட்டான்.

ஆவூருக்குச் சொல்லவேண்டும். அங்கே அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன் இருக்கிறார். சொந்தத் தம்பி செத்த சேதி அண்ணனுக்கு மகன் வாயால் போகவேண்டும், அன்றைக்கே போகவேண்டும். வெள்ளிக்கிழமை பஸ் இருந்தது. சனிக்கிழமையும் இருந்தது. சவரிநாதன்தான் ஏறவில்லை. போய்ச் சொன்னால் பெரியம்மா மாரில் அடித்துக்கொள்வாள், பங்குச் சாமியார் இறந்தவர் பூசை வைப்பார், வார்டன் கையைப் பிடித்துக் குலுக்குவார். அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. இப்போதைக்கு இந்தத் தேசத்தில் அந்தச் சங்கதி தெரிந்தவன் அவன் ஒருத்தன். அவன் வாயைத் திறக்காதவரை அப்பா மலாயாவில் மட்டும்தான் செத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். ஞாயிற்றுக்கிழமை வல்லத்திராக்கோட்டைப் பக்கம் முந்திரிப்பழம் தின்னப் போவதாக இரண்டு வாரத்துக்கு முன்பே ஏற்பாடு ஆகியிருந்தது.

ஏற்பாடு ரத்தினவேலுடையது. அவனுடைய தாய்மாமன் அங்கே ஒரு முந்திரிக்காட்டைக் குத்தகை எடுத்திருந்தார். ரத்தினவேல் பி.ஏ. முதல் வருஷத்தை இரண்டாவது முறையாக ரசித்துப் படித்துக்கொண்டிருந்தவன். கொஞ்ச நாளாகவே அவன் சவரிநாதனிடம் காட்டிய பிரியம் சந்தேகப்படும்படி இருந்தது. ஹோட்டலில் கெட்டிச் சட்னியை இவன் பக்கம் தள்ளினான். இன்று வாடகைக்கு எடுத்த மூன்று சைக்கிளில் பெல் அடிக்கிற ஒரே சைக்கிளை இவனுக்கே கொடுத்தான்.

"நீ இதுல ஏறு மலாயா. பிரேக் கூட இருக்கு" என்றான்.

"எனக்கு என்ன இருக்கு?" என்றான் மூன்றாமவனான நாகராசு.

"ஒனக்கு ரெண்டு சக்கரம் இருக்குல்ல? மிதி."

நாகராசு தமிழ் மன்றத்தின் துணைச் செயலாளர். உப்பு, மிளகாய்த்தூள் பொட்டலத்தை அவனிடம் கொடுத்திருந்தார்கள். அதையும் ஒரு பொறுப்பாகவே எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி மிதித்தான். ஏழெட்டு மைல். மார்ச் மாத வெயில். செம்மண் புழுதி. காலைப் பூசைக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையோடுதான் சவரிநாதன் வந்தான். தந்தி அந்தப் பையில்தான் இருந்தது. குனிந்து மிதிக்கும்போதெல்லாம் அது மொடமொடவென்றது. வழியெல்லாம் மற்ற இருவரும்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். அவன் பேசவில்லை, அவர்களும் கவனிக்கவில்லை.

முந்திரி மரம் உயர்ந்து வளர்கிற ஜாதி அல்ல. கிளையெல்லாம் தரையில் கிடந்தது. மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள் தொங்கின. ஒவ்வொரு பழத்தின் அடியிலும் ஒரு கொட்டை, பழத்துக்கு வெளியே. காட்டின் வாசலில் காவல்காரி மூக்காயி ஒரு மண்ணெண்ணெய் டின்னை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு விளார்க் குச்சி.

"வாங்கப்பு. தின்னுங்க. வயிறு கொண்ட மட்டும் தின்னுங்க. காசு பணம் ஒண்ணும் வேணாம். கொட்டை மட்டும் இந்த டின்னுக்கு வந்துறணும். மடியில போச்சுன்னா மடிய அவுத்துப் பாப்பேன்."

"நான் மொதலாளிக்கு மருமகன், தெரியும்ல?" என்றான் ரத்தினவேல்.

"மருமகன் மடியத்தானப்பு மொதல்ல பாக்கணும்."

அங்கே அதுதான் வழக்கம். பழத்துக்கு விலை கிடையாது. அரை நாளில் அழுகிவிடும், சந்தைக்குப் போய்ச் சேராது. கொட்டைக்குத்தான் விலை. ஆகவே யார் வேண்டுமானாலும் வந்து பறித்துத் தின்னலாம். தின்கிறவன் கொட்டையைத் திருகிக் கொடுத்துவிட்டால் குத்தகைக்காரருக்குப் பறிக்கிற கூலி மிச்சம். மூக்காயி யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். பின்னால் உறிஞ்சுகிற சத்தம் கேட்டால், அடுத்து டின்னில் 'டொக்' கேட்கவேண்டும். கேட்காவிட்டால் கழுத்து மெல்லத் திரும்பும்.

உறிஞ்சினார்கள். டொக். உறிஞ்சினார்கள். டொக்.

"சட்டையில சொட்டுச்சுன்னா போகாது. சட்டை கிழிஞ்சாலும் கறை போகாது" என்று முதுகு சொன்னது. "கொட்டையப் பல்லுல கடிச்சிராதீக. வாய் வெந்துபோகும்."

சவரிநாதன் ஒரு பழத்தைப் பறித்தான், திருகினான், போட்டான், தின்றான். இனிப்பும் துவர்ப்பும் தொண்டையைப் பிடித்தன. இன்னொன்று. அடுத்தது. உப்பு தொட்டுக்கொள்ளவில்லை. எந்தப் பழமும் முன் பழத்தைவிட நன்றாகவோ மோசமாகவோ இல்லை. நாக்கு தடித்து மரத்துப்போனது. தின்றான். டொக், டொக் என்று அவன் பக்கமிருந்து ஒரே சீராக வந்துகொண்டிருந்ததில் மூக்காயிக்கே ஆச்சரியம் தாங்காமல் திரும்பிவிட்டாள்.

"இது யாருப்பு? அடிச்சு வேலை வாங்குன மாதிரி திங்கிறாக?"

"மலாயாவுலருந்து வந்தவன்" என்று ரத்தினவேல் பெருமையாகச் சொன்னான்.

"அங்கிட்டு முந்திரி இல்லியா?"

"இருக்கு. அங்க கொழுந்தத் திம்பாங்க" என்றான் சவரிநாதன்.

"எலையையா? ஆட்டுக்கு மிஞ்சுமா?" அவள் முகத்தில் மலாயாவின் மதிப்பு இறங்குவது தெரிந்தது. "அப்பா ஆத்தால்லாம் அங்கதான் இருக்காகளா? நல்லா இருக்காகளா?"

"இருக்காங்க. நல்லா இருக்காங்க."

சொன்ன பிறகு ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டான். கேள்வி சுலபமாக இருந்தது, பதிலும் சுலபமாக இருந்தது. இப்படியே ஒரு ஐந்தாறு வருஷம் ஓட்டிவிடலாம் போல இருந்தது.

மூக்காயி மறுபடி முதுகைத் திருப்பியதும் ரத்தினவேல் அருகே வந்து உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான். இடுப்பிலிருந்து ஒரு நீல நிற ஏர்மெயில் தாளை எடுத்தான். பேனாவும் எடுத்தான். பேனாவில் மை கூட இருந்தது. இவ்வளவு முன்யோசனையை அவனிடம் எந்தப் பரீட்சையும் கண்டதில்லை.

"மாப்ளே. ஒரு விஷயம்."

"சொல்லு."

"மலாயாவுல இனிமே ஆளுங்கள உள்ள விடுறது கஷ்டமாம். சட்டம் வருதாம். அதுக்குள்ள ஒரு வேலைன்னு எவனாவது எழுதிக்குடுத்தா போயிறலாமாம். ஒங்கப்பா ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எங்க வீட்டுல இந்தத் தடவையும் பெயிலானா ஏர் பிடிக்கச் சொல்லிருவாங்கடா. எனக்கு மாட்டைக் கண்டாலே ஆகாது. மாட்டுக்கும் என்னக் கண்டா ஆகாது."

சவரிநாதன் நீலத் தாளைப் பார்த்தான். கெட்டிச் சட்னி, பெல், பிரேக் எல்லாம் வரிசையாக விளங்கின. கோபம் வரவேண்டிய இடம் என்று தோன்றியது. வரவில்லை. "எழுது" என்றான்.

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "எழுது" என்றது சின்னதாக இருந்தது, அதைச் சொல்லிவிட்டான்.

ரத்தினவேல் பலகை போல முதுகைக் கொடுக்கும்படி நாகராசுவைக் குனியச் சொல்லி, அதன்மேல் எழுத ஆரம்பித்தான். எழுதியதை உரக்கப் படித்தான். "மகா கனம் பொருந்திய மாமா அவர்களின் திவ்விய சமுகத்துக்கு, ரத்தினவேல் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடம் தங்கள் சுகத்துக்குக் கடிதம் எழுதவும்."

"நிறுத்து" என்றது குனிந்திருந்த நாகராசுவின் முதுகு. "தெண்டனாம், திவ்வியமாம். எந்தக் காலத்துலடா இருக்க? 'பெருமதிப்பிற்குரிய பெருந்தகையீர், பெரும்புகழ் பெற்ற பேராளரே'ன்னு ஆரம்பி."

"வேலை கேக்குறமா, மேடை போட்டுப் பேசுறமா?"

"தமிழனுக்குத் தமிழன் எழுதுறப்ப..."

"நீ குனி மொதல்ல."

"மலாயாவே சொல்லட்டும். ஒங்கப்பாவுக்கு எப்படி எழுதுனாப் பிடிக்கும்?"

இருவரும் அவனைப் பார்த்தார்கள். "எப்படி எழுதுனாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான் சவரிநாதன்.

"தங்கமான மனுஷன்" என்றான் ரத்தினவேல். கடைசியில் பாதி திவ்வியமும் பாதி பெருந்தகையுமாகக் கடிதம் நடந்தது. 'தாங்கள் நூறாண்டு நோயின்றி வாழ வேண்டும்' என்ற வரியில் மட்டும் இரண்டு கட்சிக்கும் தகராறு இல்லை.

"மூட்டுவலின்னு சொன்னியே, அத விசாரிக்கணும். பாசமாத் தெரியும்" என்றான் நாகராசு.

"இப்ப வலி இல்ல" என்றான் சவரிநாதன்.

"இன்னும் நல்லது." ரத்தினவேல் எழுதினான்: "தங்களின் மூட்டுவலி அறவே நீங்கியது அறிந்து அகமகிழ்ந்தேன்."

கடிதம் முடிந்தது. கீழே நாலு விரல்கடை இடம் விட்டிருந்தான். அதைச் சவரிநாதனின் மடியில் வைத்துப் பேனாவைக் கையில் திணித்தான். "நீ கீழ ரெண்டு வரி போட்றா. மகன் கையெழுத்தைப் பாத்தாத்தான் நம்புவாங்க."

சவரிநாதன் பேனாவைப் பிடித்தான். 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று கை தானாகவே எழுதியது. நாலு வருஷப் பழக்கம். பிறகு நின்றது. காவல்காரியிடம் பொய் சொன்னது சிரமமாக இல்லை. ஆனால் அப்பாவுக்கு எழுதுகிற கடிதத்தில் அவன் இதுவரை பொய் எழுதியதில்லை. இங்கிலீஷில் முப்பத்தெட்டு வாங்கியதைக் கூட முப்பத்தெட்டு என்றே எழுதியிருக்கிறான். பிசின் ஒட்டிய விரலால் மெதுவாக எழுதி முடித்து, தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

ரத்தினவேல் ஆவலோடு உரக்கப் படித்தான்.

"அன்புள்ள அப்பாவுக்கு. ரத்தினவேல் நல்லவன். படிப்பு வராது, ஆனால் உழைப்பான். நீங்கள் இறந்துபோனது அவனுக்குத் தெரியாது. சவரி."

கடைசி வரியைப் படித்துவிட்ட பிறகுதான் என்ன படித்தோம் என்று அவனுக்குத் தெரிந்தது. மறுபடி வாய்க்குள் படித்தான். நாகராசு நிமிர்ந்தான்.

"இது என்னடா வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்ல." சவரிநாதன் பையிலிருந்து தந்தியை எடுத்துக் கொடுத்தான். அதன் ஓரத்திலும் பழச்சாறு ஊறியிருந்தது.

நாகராசு வாங்கிப் பார்த்தான். அவனுக்கு எந்த அடுக்குமொழியும் வரவில்லை.

"எப்ப வந்துச்சு இது?" என்றான் ரத்தினவேல்.

"வெள்ளிக்கிழமை காலையில."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாம தோசை தின்னோம்."

"ஆமா."

"நீ மூணு தின்ன."

"நாலு."

ரத்தினவேலின் முகத்தில் இரண்டு துக்கம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஒன்று நண்பனின் அப்பாவுக்காக. இன்னொன்று மலாயாவுக்காக. எது முன்னால் நிற்கவேண்டும் என்று அவற்றுக்குள் தள்ளுமுள்ளு நடந்தது. நல்லவேளையாக முதலாவதுதான் ஜெயித்தது. நீலத் தாளை மடித்து மடித்து, மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக்கினான்.

"ஆவூருக்குச் சொல்லியாச்சா?"

"இல்ல."

"ஒம் பெரியப்பாவுக்கு? கூடப்பொறந்தவருக்கு? மூணு நாளாவா? ஏண்டா சொல்லல?"

"சொன்னா செத்துப் போயிருவாங்க."

"யாரு, பெரியப்பாவா?"

"அப்பா."

கொஞ்ச நேரமாக டின்னில் ஒன்றும் விழாததால் மூக்காயியின் கழுத்து திரும்பியது. மூன்று முகங்களையும் பார்த்தாள். "என்னப்பு?" என்றாள். நாகராசு, தந்தியைக் கையில் பிடித்தபடி, விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

மூக்காயி விளாரைக் கீழே போட்டாள். கொண்டையை அவிழ்த்தாள். அதுவரை கொட்டைக்குக் கணக்குப் பார்த்த அதே வாயிலிருந்து, ஆயத்தம் எதுவும் இல்லாமல், ஒரு பெரிய அழுகை கிளம்பியது. சாவுச் சேதி காதில் விழுந்துவிட்டால் உட்கார்ந்திருக்கக் கூடாது, அழாமலும் இருக்கக் கூடாது. செத்தவர் யார் என்று தெரியாதது அங்கே ஒரு தடை அல்ல. சவரிநாதனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுகையை நடுவில் நிறுத்தி, மூக்கைச் சிந்தி, சாதாரணக் குரலில் கேட்டாள்:

"பேரென்னப்பு?"

"மரிய அந்தோணி."

"கூடப்பொறந்தது?"

"ஒரு அண்ணன். ஆவூர்ல."

"பிள்ளைக?"

"நான், ரெண்டு தங்கச்சி."

"சரி." விண்ணப்பம் பூர்த்தியானது. "கடல் தாண்டிப் போன மகராசா, கையூண்டி நடக்குமுன்னே காலு ரெண்டும் ஓஞ்சிருச்சா, அண்ணன் கைமண்ணு கூட அந்தோணிக்குக் கிட்டலியா" என்று அவள் எடுத்தபோது, தன் அப்பாவைப் பற்றி இவ்வளவு யாரும் பேசிக் கேட்டதில்லையே என்று சவரிநாதனுக்கு இருந்தது. அவள் தோளில் முந்திரிப் பால் நாற்றம் அடித்தது. நின்றுகொண்டே இருந்தான். கண் வறண்டே இருந்தது.

அழுகைச் சத்தம் கேட்டு அடுத்த காட்டிலிருந்து பொன்னுத்தாய் என்பவள் தன் டின்னோடு ஓடிவந்தாள். முதலில் மூக்காயியின் தோளைக் கட்டிக்கொண்டு முழு மூச்சாக ஒரு பாட்டம் அழுதாள். பிறகு, "யாரு?" என்று கேட்டாள். சொன்னார்கள்.

"ஆவூரா? எம் மகள அதுக்கு அடுத்த ஊருலதான குடுத்திருக்கு! நான் இன்னைக்கு மூணு மணி பஸ்ஸுக்குப் போறேன். நீங்க எதுக்கப்பு இந்த வெயில்ல அலையணும்? பெரியப்பா வீட்டை விசாரிச்சு நானே சொல்லிட்டுப் போயிர்றேன்."

"வேணாம்" என்றான் சவரிநாதன்.

குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. மூன்று நாளில் அவனுக்கு உறைத்த முதல் விஷயம் அதுதான். பெரியப்பா தன் தம்பி செத்ததை ஒரு முந்திரிக்காட்டுக்காரி வாயால் கேட்பார். தந்தி வந்து மூன்று நாளாயிற்று என்பதையும் அவளே சொல்லுவாள். பழம் தின்றதையும் விடமாட்டாள்.

"சும்மா இருங்கப்பு. இதுல என்ன எனக்குச் செரமம்?" என்றாள் பொன்னுத்தாய். நல்ல மனசு. அதைத் தடுக்க வழியில்லை.

மூவரும் சைக்கிளை எடுத்தார்கள். மூக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியைப் பார்க்காமலே அவர்களைப் போகச் சொன்னாள். அவளுடைய உத்தியோகத்தில் அது பெரிய மரியாதை.

புதுக்கோட்டையில் மூன்று சைக்கிளையும் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை நாகராசு ஏற்றுக்கொண்டான். "நான் வாரேன்டா. நான் சொல்றேன் பெரியப்பாகிட்ட. நீ சும்மா பக்கத்துல நில்லு" என்று ரத்தினவேல் கூடவே வந்தான். மூணு மணி திருச்சி பஸ்ஸில் ஏறினார்கள். இரண்டாவது வரிசையில் பொன்னுத்தாய் ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள். வல்லத்திராக்கோட்டையிலிருந்து அவள் எதில் வந்தாள் என்பது தெரியவில்லை.

பஸ் புறப்படுமுன்பே அவள் விசும்ப ஆரம்பித்தாள். "யாரும்மா தவறிட்டாங்க?" என்று கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி கேட்டார். மலாயாவில் ஒரு கிராணி என்றாள். பெருமாநாட்டு ஸ்டாப்பில் ஏறியவர்களுக்கு மரிய அந்தோணி மானேஜர் ஆகியிருந்தார். நார்த்தாமலை தாண்டும்போது எஸ்டேட்டே அவருடையதுதான். அவருக்கு இரண்டு கார் இருந்ததாகப் பின்சீட்டில் ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். அப்பாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. சவரிநாதன் திருத்தவில்லை. பஸ் முழுக்க அவரைப் பற்றித் தெரிந்தாகிவிட்டது. இன்னும் தெரியாதது ஒரே ஒரு வீட்டுக்குத்தான்.

ஆவூர் விலக்கில் இறங்கியதும் பொன்னுத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "குறுக்க இங்கிட்டு ஒரு தடம் இருக்கு" என்று ஒற்றையடிப் பாதையில் இறங்கி நடந்தாள். அது நடையல்ல. ஐம்பது வயதுக்காரி அப்படி நடந்து அவர்கள் பார்த்ததில்லை.

"ஓடுறா" என்றான் ரத்தினவேல்.

ஓடினார்கள். அவர்களுக்குத் தெரிந்தது ரோட்டு வழிதான், அது சுற்று. சரளைக்கல் செருப்பில் ஏறியது. முந்திரிப்பழம் முழுவதும் வயிற்றில் குலுங்கித் தொண்டைக்கு வந்தது. ஒரு மைலில் ரத்தினவேலுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டது, பிடித்துக்கொண்டே ஓடினான். வயலுக்கு அந்தப்புறம் ஒரு சிவப்புச் சேலை தெரிந்தது, மறைந்தது, முன்னால் தெரிந்தது. சவரிநாதன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். பள்ளிக்கூட நாளிலும் அவன் இப்படி ஓடியதில்லை. அப்பா செத்துப்போனதை யாருக்கும் சொல்லக் கூடாது என்று மூன்று நாள் உட்கார்ந்திருந்தவன், இப்போது அதை முதலில் சொல்லுவதற்காக ஓடிக்கொண்டிருந்தான்.

பெரியப்பா வீட்டு வாசலில் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்திருந்தது. சிவப்புச் சேலை இன்னும் வரப்பில்தான் இருந்தது. பெரியப்பா ஓடிவந்த இருவரையும் பார்த்தார். சட்டையெல்லாம் பழுப்புக் கறை, கையில் செருப்பு.

"என்னடா சவரி? எவன் தொரத்துறான்?"

ரத்தினவேல் முன்னால் வந்தான். வாயைத் திறந்தான். பஸ்ஸில் மூன்று தரம் ஒத்திகை பார்த்த வாக்கியம். மூடிக்கொண்டான். திரும்பி வைக்கோல்போரைப் பார்த்து நின்று தேம்ப ஆரம்பித்தான்.

"அப்பா செத்துப் போயிட்டாங்க பெரியப்பா" என்றான் சவரிநாதன்.

அவன் அதை வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை. பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. மற்ற வாக்கியங்கள் அளவில்தான் அதுவும் இருந்தது. பசு குடித்துக்கொண்டே இருந்தது.

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து ஈரக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். கட்டைவிரலைத் தனியாகத் துடைத்தார். அப்பா மூக்குக்கண்ணாடி துடைப்பதும் இப்படித்தான்.

"எப்படா?" என்றார்.

"இப்பத்தான்."

"புதன்கிழமைங்க" என்றான் ரத்தினவேல், வைக்கோல்போரிடமிருந்து திரும்பாமலே.

பெரியப்பா இவனைப் பார்த்தார். சவரிநாதன் தலையை ஆட்டினான்.

"ஆமா. புதன்கிழமை" என்றான். "தந்தி வெள்ளிக்கிழமை வந்துச்சு பெரியப்பா. நான்தான் வரல."

பெரியப்பா துண்டைத் தோளில் போட்டார். வீட்டுக்குள் இருந்த பெரியம்மாவை, "மேரி, இங்க..." என்று கூப்பிட்டார். குரல் உடைந்து பாதியில் நின்றது. சவரிநாதன் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டான். வாளிக்குப் பக்கத்தில், தண்ணீர் சிந்திய மண்ணில், அப்படியே உட்கார்ந்தான்.